பழைய மின்கார் வாங்குகிறீர்களா? சார்ஜ் இறங்கிய பிறகு பேட்டரியைப் பாருங்கள்

சென்ற மாதம் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு பெரியவர் உபி வட்டாரத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு மின்காரை ஓட்டிவந்தார். தெரிந்தவருடைய கார், நான்கு வயது. வாங்குவதாக ஏறக்குறைய முடிவே செய்துவிட்டிருந்தார். "தம்பி, முழு சார்ஜில் 420 கிலோமீட்டர் காட்டுகிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டார்.

அந்த 420 பேட்டரியின் நலத்தைச் சொல்லும் எண் அன்று. அண்மையில் கார் எப்படி ஓடியது என்பதை வைத்துக் கணினி போடும் உத்தேசக் கணக்கு. நான்கு நாள் நிதானமாக ஓட்டினால் ஏறும், விரைவுச்சாலையில் விரட்டினால் இறங்கும்.

காரின் கணினியிலிருந்து தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகினேன். பேட்டரிக்குள் இருக்கும் செல் தொகுப்புகள் எல்லாம் ஒரே அளவு வோல்ட் காட்டின. அப்போதே "நல்ல கார்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. "அண்ணே, உரிமையாளரிடம் கேட்டு, வார இறுதியில் நன்றாக ஓட்டிச் சார்ஜை இறக்கிக் கொண்டுவாருங்கள்" என்றேன்.

திங்கட்கிழமை 14 சதவீதத்தில் வந்தது. மற்ற தொகுப்புகள் 3.48 வோல்ட்டில் நிற்க, ஒன்று மட்டும் 3.35க்கு இறங்கியிருந்தது. நல்ல பேட்டரியில், கார் நிற்கும்போது, இந்த வித்தியாசம் 0.03 வோல்ட்டைத் தாண்டுவது அரிது. தொகுப்புகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், நலிந்தது காலியானதும் மற்றவற்றில் மிச்சம் இருந்தாலும் பயனில்லை. நிறைந்திருக்கும்போது இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். விற்பனைக்கு நிற்கும் கார்களோ பெரும்பாலும் நிறைந்தே நிற்கின்றன.

கருவி இல்லாதவர்களும் ஒரு சோதனை செய்யலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் உள்ள மெதுவான மின்னூட்டு முனையத்தில் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றுங்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகும், அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். 60 கிலோவாட் மணி பேட்டரி என்றால் இந்த 60 சதவீதத்துக்கு உள்ளே போக வேண்டியது 36. வழியில் பத்தில் ஒரு பங்கு வீணாவதால் முனையம் 40 அளவில் காட்ட வேண்டும். 34தான் காட்டுகிறது என்றால் உள்ளே போனது 30.6, அதாவது பேட்டரியின் இன்றைய கொள்ளளவு சுமார் 51. புதிதில் இருந்ததில் 85 சதவீதம். துல்லியமான அளவு இல்லைதான், ஆனாலும் விலை பேச இது போதும்.

பிஒய்டி நிறுவனத்தின் 'பிளேடு' போன்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில், இடைப்பட்ட சார்ஜில் வோல்ட் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். அதனால் திரையில் தெரியும் சதவீதமே பிசகலாம். முதலில் ஒருமுறை 100 வரை ஏற்றிவிட்டு, பிறகு இறக்கிச் சோதியுங்கள்.

ஓடிய தூரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நம் ஊரில் வெயில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. கூரையில்லாத நிறுத்துமிடத்தில் நிறைந்த சார்ஜோடு நாள்கணக்கில் நின்ற கார், அதிகம் ஓடிய காரைவிட மோசமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நிசான் லீஃபின் முதல் இரண்டு தலைமுறைகளைப் போலத் திரவக் குளிர்ச்சி இல்லாத பேட்டரியில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். தனியார் வாடகைக் காராக ஓடியதா, அன்றாடம் விரைவு மின்னூட்டமா என்றும் கேளுங்கள்.

பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழான சிஓஇயோ 10 ஆண்டு. ஐந்து வயதுக் கார் வாங்கினால் உத்தரவாதம் 3 ஆண்டு, நீங்கள் ஓட்டப்போவது 5 ஆண்டு. அந்த இரண்டு ஆண்டை விலையில் கழித்துக் கேளுங்கள். உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கு மாறுமா, அதிகாரபூர்வ முகவர் வழியாக வராத இணை இறக்குமதிக் கார் என்றால் பொறுப்பேற்பவர் யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் அதற்குப் பிறகுதான்.

பெரியவர் அந்தக் காரை விட்டுவிட்டார். போன வாரம் வேறொரு காரோடு வந்தார். திரையில் 11 சதவீதம். "வேண்டுமென்றேதான் சார்ஜ் போடாமல் கொண்டுவந்தேன், தம்பி, பாருங்கள்" என்றார்.