சுவரொட்டி: சொல் விளக்கம்

'போஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் 'போஸ்ட்', அதாவது நட்ட கம்பம். அறிவிப்பைக் கம்பத்தில் ஒட்டிய வழக்கம் அந்தப் பெயரைத் தந்தது. தமிழ், கம்பத்தை விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது. சுவர், ஒட்டு, இ என்ற மூன்றும் சேர்ந்து சுவரொட்டி. வழிகாட்டி, நாட்காட்டி போல, செய்யும் வேலையே பெயராகி நிற்கும் சொல் இது. காரைக்குடி ஆட்டிறைச்சிக் கடையில் சுவரொட்டி கேட்டால் மண்ணீரலை நறுக்கித் தருவார்கள். அந்தப் பொருளும் நல்ல தமிழ்தான்; இங்கே நமக்கு வேண்டியது, பள்ளிப் பிள்ளைகள் காலனியாதிக்கம் பற்றி வரையும் சுவரொட்டிக்கான தாளும் பசையும்.

அரசியல் சுவரொட்டிக்குச் செட்டிநாட்டுப் பிள்ளைகள் பாரிசுக்கோ மாஸ்கோவுக்கோ போக வேண்டியதில்லை. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரில் வெளிவந்த பிரகடனம் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அவர் வாழ்ந்த சிறுவயல், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். ஜம்புத் தீவில், அதாவது இந்திய நிலப்பரப்பில், வாழும் எல்லாச் சாதியாரையும் அந்த அறிவிப்பு விளித்தது. ஐரோப்பியர் நவாபை ஏமாற்றி நாட்டைத் தமதாக்கிக்கொண்டதைச் சொன்னது; நம்மிடம் ஒற்றுமை இல்லாததையும் மறைக்காமல் சொன்னது. படித்தவர்கள் பிறருக்கும் பரப்ப வேண்டும், சுவரிலிருந்து கிழிப்பவன் பஞ்சமா பாதகம் செய்தவன் ஆவான் என்றும் எழுதியிருந்தது. படம் இல்லை, வண்ணம் இல்லை. ஆனாலும் சுவரொட்டிக்கு உரிய இலக்கணம் முழுதும் அதில் இருக்கிறது: பொது இடம், எல்லாருக்குமான விளிப்பு, ஒரு பக்கம் சேரச் சொல்லும் அழைப்பு. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அந்தப் பிரகடனத்தை நம் வகுப்பறைகளில் தேதியாக மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, பள்ளிச் சுவரில் ஒட்டி, நின்று உரக்கப் படிக்க வேண்டும்.

ஆள வந்தவர்களும் சுவரொட்டியால் பாடம் நடத்தினார்கள். 1926 முதல் 1933 வரை பிரிட்டனில் இயங்கிய பேரரசுச் சந்தை வாரியம், தேயிலை, ரப்பர், நெல் விளையும் நாடுகளை அழகான வண்ணப் படங்களாக அச்சிட்டது, பள்ளிகளுக்கும் அனுப்பியது. பிரிட்டிஷ் மாணவர்கள் அவற்றில் கண்டது செழிப்பான தோட்டத்தை. தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களின் கடன் படத்துக்குள் வரவில்லை. மறுபக்கத்திலிருந்து பதில் வரப் பல ஆண்டுகள் ஆயின. 1966-இல் ஹவானாவில் தொடங்கப்பட்ட, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மக்களின் ஒருமைப்பாட்டு அமைப்பு, தன் இதழுக்குள் சுவரொட்டிகளை மடித்து வைத்து நாடு நாடாக அனுப்பியது. சொற்கள் குறைவு, அவையும் பல மொழிகளில். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் புரியும் படங்கள் அவை.

இனிப் பிள்ளைகளின் சுவரொட்டிக்கு வைக்கும் தலைப்பு. பாடநூல் 'காலனியாதிக்கம்' என்கிறது. நம் ஊரில் காலனி என்றால் பிள்ளைக்குத் தெரிந்தது குடியிருப்பு. அந்தச் சொல் சாதி இழிவைச் சுமப்பதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அதன் லத்தீன் மூலமான 'கொலோனியா', உழுபவன் குடியேறிய நிலத்தைக் குறித்தது. தமிழில் 'குடியேற்ற ஆதிக்கம்' என்பதே என் தேர்வு. ஆங்கிலேயர் இங்கே பெருந்திரளாகக் குடியேறவில்லையே என்பது நியாயமான மறுப்புதான். அதனால்தான் 'குடியேற்றம்' என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. 'ஆதிக்கம்' சேர வேண்டும்.

செட்டிநாட்டில், குடியேற்றத்துக்கும் ஆதிக்கத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு வெறும் இலக்கணச் சிக்கல் அல்ல. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி என்ற தொழில் மனைகளை வைத்தார்கள். அவர்கள் ஆண்டவர்கள் அல்லர். ஆனால் பிரிட்டிஷ் சட்டமும் நீதிமன்றமும் நடந்த நிழலில்தான் வட்டித் தொழில் நடந்தது. 1930-களில் நெல் விலை சரிந்தபோது கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மிய உழவரின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே ஊர் திரும்பினர். வீட்டுத் தேக்குத் தூண்களைக் காட்டிப் பெருமைப்படும் பிள்ளை, அந்தத் தேக்கு வந்த நாட்டின் உழவனையும் தன் சுவரொட்டியில் வரையட்டும் என்பேன்.

வழக்கில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: பசை தடவி ஒட்டுவது சுவரொட்டி, மரச் சட்டத்தில் கட்டித் தெருவில் நிறுத்துவது தட்டி, வகுப்பில் ஆணியில் தொங்கும் 'சார்ட்' சுவர்ப்படம். முட்டை வெண்கரு கலந்த பூச்சுச் சுவர் உள்ள பழைய வீடுகளில் பசை வேண்டாம். அங்கே சுவர்ப்படமே ஏற்றது.