பழைய வால்வை எடுக்காமலே புது வால்வு

நெஞ்சைப் பிளக்காமல், தொடை வழியாக இதய வால்வு வைக்கும் சிகிச்சைக்கு டாவி என்று பெயர். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, பழுதான வால்வை டாக்டர்கள் வெளியே எடுப்பதே இல்லை. அதைச் சுவரோரமாக நசுக்கித் தள்ளிவிட்டு அதற்குள்ளேயே புதியதைப் பொருத்திவிடுகிறார்கள்.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கிளம்பும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. நன்றாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். வயதாக ஆக இதழ்களில் கால்சியம் படிந்து இறுகி, அந்த வழி 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் நிலைமை மோசம். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், சிலர் மயங்கி விழுவார்கள். இந்தக் கால்சியத்தைக் கரைக்க மாத்திரை கிடையாது.

பிரான்சின் ருவான் நகரத்தில் அலான் க்ரிபியே 1985-இல் பலூனை ஊதி இந்த வால்வை விரித்துப் பார்த்தார். திறந்தது, ஆனால் பலருக்குச் சில மாதங்களிலேயே மறுபடி சுருங்கிவிட்டது. சரி, பலூனோடு ஒரு வால்வையும் சேர்த்து அனுப்பினால்? டென்மார்க்கின் ஹென்னிங் ஆண்டர்சன் 1989-இல் பன்றிக்கு அப்படி வைத்துக் காட்டினார். மனிதருக்கு முதலில் வைத்தவர் க்ரிபியேதான், 2002 ஏப்ரலில், அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டார் என்று கைவிடப்பட்ட 57 வயதுக்காரர் ஒருவருக்கு.

கோபால்ட்-குரோமியக் கம்பிவலைக்குள் மாட்டின் இதய உறையிலிருந்து வெட்டித் தைத்த மூன்று இதழ்கள், அவ்வளவுதான் வால்வு. அதைப் பலூன் மேல் சுருக்கி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே தொடைத் தமனி வழியாக மேலே ஏற்றுகிறார்கள். இடத்துக்கு வந்ததும்தான் சிக்கல்: துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சும் ரத்தம் பலூனை வெளியே தள்ளப் பார்க்கும். அதனால் தற்காலிக பேஸ்மேக்கர் வைத்து இதயத்தை நிமிடத்துக்கு 180, 200 முறை துடிக்க விடுகிறார்கள். அந்த வேகத்தில் இதயம் நிரம்பவே நேரமில்லை, மானிட்டரில் ரத்த அழுத்தக் கோடு அப்படியே படுத்துவிடும். அந்தச் சில நொடிகளுக்குள் பலூனை ஊதி, சுருக்கி, பேஸ்மேக்கரையும் நிறுத்தியாக வேண்டும். (நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்த, தானாக விரியும் வகையும் உண்டு, அதைச் சுருக்கி வைத்திருக்கும் உறையை உருவினாலே போதும்.)

தையல் எதுவும் கிடையாது. புது வால்வை நழுவாமல் இறுக்கிப் பிடிப்பது, இத்தனை நாள் ஆளைப் படுத்திய அந்தக் கால்சியமேதான். கால்சியம் இல்லாமல் வெறுமனே கசியும் வால்வு என்றால் பிடிமானம் சரியாகக் கிடைக்காது. அதே கால்சியம் ஒரு பக்கம் மேடாக இருந்தால் ஓரத்தில் ரத்தம் கசியும், துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வுக்குச் சற்றுக் கீழே ஓடும், இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்பாதை நசுங்கினால் நிரந்தர பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். இதற்காகத்தான் முன்கூட்டியே சிடி ஸ்கேனில் துல்லியமாக அளவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதி சிகிச்சை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மாட்டுத் திசு இதழ்களும் ஒருநாள் தேயும். 80 வயதில் வைத்துக்கொண்டவருக்கு அது பெரிய கவலையில்லை, 60-இல் வைத்தவருக்குக் கவலைதான். தேய்ந்ததற்குள் இன்னொன்றை வைக்கலாம், ஆனால் இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களின் வாய் அடைபடாத அளவுக்கு உள்ளே இடம் இருக்க வேண்டும். வயது குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் திறந்த அறுவை சிகிச்சையையே டாக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.