இடியம்: அண்ணனைத் தோத்த மலையிலிருந்து ஒரு சொல் விளக்கம்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. அம்மாவின் சம்பளச் சீட்டு, தேயிலைப் பக்கெட்டின் பின்பக்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், பழைய பேப்பர் என்று கையில் கிடைப்பதையெல்லாம் வாசிப்போம். கூடவே வாரம் ஒரு சிறு கவிதை. போன மாதம் வாசித்த கவிதையில் ஒரு பெண்ணைப் பற்றி 'லொஸ்ட் ஹேர் பிரதர்' என்று வந்தது. எல்லாமே தெரிந்த சொற்கள். வாசித்து முடித்ததும் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கவலையோடு கேட்டாள்: "டீச்சர், அந்த அண்ணன் அப்புறம் கிடைச்சாரா?"

கவிதையில் அந்த அண்ணன் இறந்துபோயிருந்தார். பிள்ளையோ அவர் எங்கேயோ வழி தவறிப் போய்விட்டார் என்று நினைத்திருந்தாள். சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தும், சொல்ல வந்தது பிடிபடாமல் போகிற இந்த இடத்தில்தான் 'இடியம்' என்ற சொல் தேவைப்படுகிறது.

அதன் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. அங்கே 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது, சொந்தமானது. அதிலிருந்து வந்த 'இடியோமா' என்பதற்கு ஒருவருக்கே உரிய தன்மை, தனிப்பட்ட பேச்சு என்று பொருள். அது இலத்தீன், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கேய மொழியிலும் 'இடியோமா' என்றால் இன்றைக்கும் மொழி என்றே பொருள். ஆங்கிலத்தில் அந்தப் பழைய பொருளும் ஓரளவுக்குத் தங்கியிருக்கிறது. ஒரு மொழிக்கே உரிய பேச்சுப் போக்கு முழுவதையும் இடியம் என்பார்கள். அதற்குள் உறைந்துபோன ஒரு தனித் தொடரையும் இடியம் என்பார்கள். 'இடியட்' என்ற வசைச்சொல்லுக்கும் வேர் இதுதான். பொதுக் காரியங்களில் பங்கெடுக்காமல் தன் சொந்த வேலையோடு இருப்பவனைக் கிரேக்கர் 'இடியோட்டஸ்' என்றார்கள். அது பாமரன் என்றாகி, பிறகு அறிவில்லாதவன் என்றாகி, இன்றைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

தமிழில் இதற்கு மரபுத்தொடர் என்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இந்தச் சொல் தெரியும். ஆனால் மனப்பாடம் செய்யும் பட்டியலாகத்தான் தெரியும். 'கை கழுவுதல்: கைவிடுதல்', 'தலையில் கட்டுதல்: வற்புறுத்திக் கொடுத்தல்' என்று இரண்டு பத்தியில் எழுதிப் படித்துவிட்டுப் போகிறார்கள். மரபு என்ற சொல்லை யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது.

நன்னூல் மரபுக்குத் தரும் விளக்கம் இது: 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.' எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படி முன்னோர் சொன்னார்களோ, அப்படியே சொல்வதுதான் மரபு. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே உண்டு. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைக்கு ஒன்பது பெயர்களைச் சொல்லித்தான் அது தொடங்குகிறது. பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி. ஏன் பசுக்குட்டி இல்லை என்று கேட்டால் காரணம் காட்ட முடியாது. நம் ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள். கிரேக்கன் 'சொந்தமானது' என்றதும் நாம் 'முன்னோர் சொன்னபடி' என்பதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஆகவே தனித் தொடரைக் குறிக்க மரபுத்தொடர் என்பதே பொருத்தம். ஒரு மொழியின் பேச்சுப் போக்கு முழுவதையும் சொல்ல வேண்டுமென்றால் மொழிமரபு என்பேன். பழமொழி வேறு, அது தன்னளவில் முழு வாக்கியமாக நிற்கும், ஒரு கருத்தையும் சொல்லும். மரபுத்தொடர் இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு ஆங்கிலத் தேநீர்த் தொடர்களை விட்டுவிட முடியுமா? 'நொட் மை கப் ஒப் டீ' என்பதை 'அது என் கோப்பைத் தேநீர் அல்ல' என்று ஒரு பையன் எழுதிக் கொடுத்தான். விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை அவன். அந்த வீட்டில் தேத்தண்ணி பிடிக்கும், பிடிக்காது என்ற கேள்விக்கே இடமில்லை. அது சோறு மாதிரி. பிடித்த ஆளை, பிடித்த பொருளை ஒரு கோப்பைத் தேநீரோடு சேர்த்துச் சொல்வது அதை ருசி பார்த்துக் குடித்தவர்களின் வழக்கம். 'இதை உங்கட அப்பா எப்படிச் சொல்வார்?' என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது நமக்குச் சரிப்பட்டு வராதும்பாரு" என்றான். அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

'தேநீர்க் கோப்பைக்குள் புயல்' என்பதும் அப்படித்தான். சின்ன விஷயத்துக்குப் பெரிய அமளி என்று பொருள். இது தேநீரைவிடப் பழையது. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே உரோமப் பேச்சாளர் சிசரோ இலத்தீனில் 'அகப்பைக்குள் அலை' என்று எழுதியிருக்கிறார். அமெரிக்கர்கள் கோப்பையை விட்டுவிட்டுத் தேநீர்க் கேத்தலைப் பிடித்துக்கொண்டார்கள். நம்மிடம் 'உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா?' என்று ஒரு சொலவடை இருக்கிறது. பொருள் அச்சாகப் பொருந்தாவிட்டாலும், சின்னப் பாத்திரத்துக்குள் பெரிய உலகத்தை அடைக்கப் பார்க்கிற அதே மனசுதான்.

இடையில் ஒன்று. 'டீ' என்பதை ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் 'டே' என்றுதான் உச்சரித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் போப் தம் கவிதையொன்றில் அந்தச் சொல்லை 'ஒபே' என்பதோடு இயைபாக நிறுத்தியிருக்கிறார். உச்சரிப்பு மாறிப்போனாலும் கவிதை சாட்சியாக நிற்கிறது. தேயிலையில் நாம் வைத்திருக்கும் 'தே', சீனத்துக் கடலோரத்தில் பேசும் 'மின்' என்ற மொழியின் 'தே'க்கு ஆங்கிலத்தைவிட நெருக்கம். இதைச் சொன்ன அன்று பிள்ளைகள் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

நம் தோட்டங்களிலேயே பிறந்த மரபுத்தொடர்களும் உண்டு. ஒரு நாள் வேலை கணக்கில் ஏறுவதைப் 'பேர் விழுகிறது' என்போம். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. யாருடைய பெயரையும் யாரும் பாதியாக வெட்டவில்லை. பாதிச் சம்பளம் என்று பொருள். தோட்டத்துத் துரைமாரின் ஆங்கிலத்திலும் இது 'ஹாஃப் நேம்' என்றே போய் உட்கார்ந்தது. இலண்டனிலிருந்து வரும் ஒருவருக்கு அந்த இரண்டு சொல்லும் தெரியும், பொருள்தான் தெரியாது. அண்ணன் கிடைத்தாரா என்று கேட்ட பிள்ளையின் நிலைமைதான் அவருக்கும். இதை வகுப்பில் சொன்னபோது, ஆங்கிலம் தெரியாததால் தாங்கள் மட்டும் தடுமாறுவதில்லை என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது.

சரி, அந்த அண்ணனுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் 'லோசியன்' என்றால் அழிந்துபோதல், தொலைந்துபோதல். இழப்பதைச் சொல்லும் இன்றைய 'லூஸ்' அதன் வழி வந்தது, அதன் இறந்தகாலம்தான் 'லொஸ்ட்'. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். பிள்ளை தலையாட்டினாள். பிடிபட்ட மாதிரித் தெரியவில்லை.

அப்புறம்தான் கோப்பிக் காலத்து நாட்டார் பாட்டு ஞாபகம் வந்தது. நம் ஆட்கள் காடழித்துக் கோப்பிக் கன்று போட்ட மலையைத் தூரத்தில் காட்டி, 'அண்ணனைத் தோத்த மலை அந்தா தெரியுது பார்' என்று பாடியிருக்கிறார்கள். தோற்பது சண்டையில், பந்தயத்தில். ஆனால் 'ஐ' உருபு போட்டு ஒருவரைத் தோற்பது சூதாட்டத்துப் பேச்சு. தருமன் நாட்டைத் தோற்றான், தம்பிமாரைத் தோற்றான் என்கிறோமே, அதே வாய்பாடு. பிழைக்க வந்த இடத்தில் உயிரைப் பணயம் வைத்து, அண்ணனை மலையிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் ஒருத்தி. 'இறந்தான்' என்ற சொல்லில் இந்தக் கணக்கு இல்லை. 'லொஸ்ட்' என்பதிலும் இவ்வளவு இல்லை. அதிலே இழப்பு இருக்கிறது, பணயம் இல்லை.

பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை, "எங்க அப்பாயி பாடும் டீச்சர்" என்றாள். அடுத்த வரியையும் அவளே சொன்னாள். அப்புறம் கொப்பியைத் திறந்து, 'லொஸ்ட்' என்று எழுதியிருந்த இடத்தில் 'காணாமல் போனார்' என்பதை வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: தோத்தாள்.