எடைக்குப் போடுவதற்கு முன்னால்

பழைய டீசல் இன்ஜின் ஒன்றின் கிராங்க் ஷாஃப்டை, அதாவது பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டைத் தூக்கிப் பாருங்கள், இரண்டு கையும் வேண்டியிருக்கும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய அந்த ஷாஃப்டில் தேய்ந்திருப்பது எவ்வளவு என்று அளந்தால், பேரிங் உட்காரும் இடங்களில் ஒரு தலைமுடியின் பருமன், மிஞ்சிப்போனால் இரண்டு முடி. மற்றதெல்லாம் செய்த அன்று இருந்தபடியே இருக்கிறது. ஆனால் எடைக்குப் போட்டால் அது வெறும் இரும்பு. பக்கத்தில் கிடக்கிற துருப்பிடித்த கேட்டும் அதுவும் ஒன்றுதான்.

சுழற்சிப் பொருளாதாரம், அதாவது செய்த பொருளை எறியாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குப்பைத் தொட்டியில் வரைந்திருக்கும் அந்த மூன்று அம்புக்குறிகள். பொறுக்கு, உருக்கு, மறுபடியும் செய். தப்பில்லை, ஆனால் தொழிற்சாலைக்குள் நின்று பார்த்தால் உருக்குவது என்பது வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை. ஒரு பாகத்தில் நாம் போட்ட காசும் மின்சாரமும் பெரும்பாலும் அதன் உருவத்துக்காகப் போட்டவை: அடித்து, கடைந்து, கடினப்படுத்தி, மைக்ரான் கணக்கில் கிரைண்டிங் செய்து. உலையில் போட்டால் அத்தனையும் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் இன்னொன்று இருக்கிறது, கலப்படம். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பாதிக் கஷ்டம் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் உருக்காமல் என்ன செய்யலாம் என்று பார்த்துவிடுவோம். வந்த கிராங்க் ஷாஃப்டை நன்றாகக் கழுவி, அதற்குள் மின்சாரம் பாய்ச்சிக் காந்தமாக்குகிறார்கள். அப்புறம் ஒளிரும் சாயம் பூசிய இரும்புத்தூள் கலந்த திரவத்தை மேலே ஊற்றி, இருட்டில் புற ஊதா விளக்கை அடிக்கிறார்கள். உலோகத்தில் விரிசல் இருந்தால் காந்தப்புலம் அந்த இடத்தில் மட்டும் வெளியே கசியும், தூள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாத பிளவு பச்சைக் கோடாக மின்னும். கோடு தெரிந்தால் அந்த ஷாஃப்ட் எடைக்குத்தான். தெரியாவிட்டால் தேய்ந்த இடங்களைக் கால் மில்லிமீட்டர் குறைத்து கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்கு ஏற்ற சற்றே தடித்த பேரிங்கைப் போடுவார்கள். அடுத்த முறை இன்னொரு கால் மில்லிமீட்டர். சிலிண்டருக்கு இதையே தலைகீழாகச் செய்யலாம்: ரீபோர் அடித்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன், அதற்கும் இடமில்லாமல் போனால் உள்ளே ஒரு ஸ்லீவ், அதாவது குழாய் மாதிரி ஒரு புது உள்ளுறை.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, மெக்கானிக் பட்டறைகளில் எப்போதும் நடப்பதுதான். இதையே ஒரு தொழிற்சாலையாக, ஒரே அளவில், ஒரே உத்தரவாதத்தோடு செய்தால் அதற்கு மறு உற்பத்தி என்று பெயர். பாரிஸுக்குப் பக்கத்தில் ஷுவாசி லு ருவா என்ற இடத்தில் ரெனோ கார் நிறுவனம் 1949லேயே இதைத் தொடங்கிவிட்டது; கனரக இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் 1973ல் வந்தது. இதில் இன்ஜினியரிங்கைவிடப் பெரிய தலைவலி பழைய பாகம் திரும்பி வருவதுதான். பழசு வராவிட்டால் லைன் நின்றுவிடும். அதனால் புதுப்பித்த பாகத்தை விற்கும்போதே ஒரு வைப்புத் தொகையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். சோடா பாட்டில் கணக்குத்தான்.

சரி, உருக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வருகிறது. அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மறுசுழற்சியின் செல்லப்பிள்ளை அதுதான். அலுமினா என்ற அலுமினிய ஆக்ஸைடிலிருந்து மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14, 15 யூனிட் மின்சாரம் போகும். பழைய அலுமினியத்தை உருக்கினால் புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் கைதட்டிக் கிளம்பிவிடுகிறார்கள், அந்த 5 சதவீதத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

கடைசல் மெஷினுக்கு அடியில் சுருள் சுருளாக விழும் துருவல்களைப் பாருங்கள். காலையில் 7075 என்ற ரகத்தில் ஒரு வேலை, மதியம் அதே மெஷினில் 6061. இரண்டும் அலுமினியம்தான், பார்த்தாலும் தொட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதலாவதில் துத்தநாகம் 5 சதவீதத்துக்கு மேல். இரண்டாவதில் கால் சதவீதத்தைத் தாண்டவே கூடாது. இரண்டு துருவலும் ஒரே டிரம்மில் விழுந்துவிட்டால் உருக்கி வருவது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. துத்தநாகத்தையும் செம்பையும் அலுமினியத்திலிருந்து மலிவாகப் பிரித்தெடுக்க வழி கிடையாது. ஆகவே அந்த உலோகம் கலப்பைப் பொறுத்துக்கொள்ளும் வார்ப்புப் பாகங்களுக்குப் போகிறது, முக்கியமாக இன்ஜின் பிளாக், கியர்பாக்ஸ் உறை மாதிரியானவற்றுக்கு. மின்சார வண்டிகள் பெருகப் பெருக இன்ஜின் பிளாக்கின் தேவை குறையும், அப்போது இந்தக் கலவை அலுமினியம் எங்கே போகும் என்பது நல்ல கேள்வி. இதற்கான மருந்து என்னவோ படுசாதாரணம்: ரகத்துக்கு ஒரு டிரம், வேலை மாறும்போது மெஷினைக் கூட்டித் துடைப்பது. அந்தப் பத்து நிமிடத்தை ஷிஃப்ட் கணக்கில் யார் தலையில் எழுதுவது என்பதில்தான் பெரும்பாலும் இழுபறி.

இரும்பில் இதே கதைக்கு வில்லன் செம்பு. பழைய காரை நசுக்கித் துண்டுபோட்டு, காந்தத்தால் இரும்பை இழுக்கும்போது, செம்புக் கம்பி சுற்றிய சின்னச் சின்ன மோட்டார்களும் கூடவே வந்துவிடுகின்றன, அவற்றின் உறை இரும்பு என்பதால். ஒரு டன் இரும்போடு ஒரே ஒரு கிலோ செம்பு கலந்தாலே 0.1 சதவீதம். கட்டடக் கம்பி 0.4 சதவீதம் வரை தாங்கும். காரின் வெளித்தகடு மாதிரி ஆழமாக இழுத்து வளைக்க வேண்டிய தகட்டுக்கு 0.06 சதவீதத்துக்கு மேல் ஆகாது. ஏன் இந்தக் கறார் என்றால், இரும்பைத் தகடாக உருட்டுவதற்கு 1,100 அல்லது 1,200 டிகிரிக்குச் சூடாக்குவார்கள், அப்போது மேற்பரப்பில் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து செதிலாக உதிரும், செம்பு அப்படி எளிதில் ஆக்ஸிஜனோடு சேராது. அதனால் செதிலுக்கு அடியில் செம்பு மட்டும் தங்கித் தங்கிச் சேர்கிறது. செம்பு உருகுவது 1,085 டிகிரியில். உருகிய செம்பு இரும்பின் படிக மணிகளுக்கு நடுவே தண்ணீர் மாதிரி இறங்கி, உருட்டும்போது மேற்பரப்பு பிளந்துவிடுகிறது.

உலைக்குள்ளேயே எடுத்துவிட்டால் என்ன? துத்தநாகம் ஆவியாகிப் புகைத்தூசியில் போய்விடும், அதை வடிகட்டியில் பிடித்து மீட்கிறார்கள். அலுமினியமும் சிலிக்கானும் ஆக்ஸிஜன் ஊதினால் கசடாக மேலே வந்துவிடும். செம்பு இரண்டுக்கும் அசையாது, ஏனென்றால் அதற்கு முன்பே இரும்பு எரிந்துவிடும். எனவே நடைமுறையில் இருக்கும் வழி, புது இரும்பை ஊற்றி நீர்த்துப்போகச் செய்வது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் செம்பு ஏறும். கார் கதவாக இருந்தது கட்டடக் கம்பியாகிறது, கட்டடக் கம்பி ஒருநாளும் கார் கதவாகத் திரும்பி வருவதில்லை. இதையும் வட்டம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம், படிக்கட்டு என்பதுதான் சரியான பெயர்.

தண்ணீரிலும் இதே கதைதான், ஆனால் முடிவு கொஞ்சம் சந்தோஷமானது. நிக்கல் முலாம் பூசும் இடத்தில், தொட்டியிலிருந்து பாகத்தைத் தூக்கும்போது அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் நிக்கல் கரைசலும் வெளியே வரும். அதைக் கழுவ வேண்டும். ஒட்டி வந்தது ஒரு லிட்டர், அதை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரே கழுவுதொட்டி இருந்தால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு தொட்டியை வரிசையாக வைத்து, புதுத் தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு, பாகம் வரும் திசைக்கு எதிராக ஓடவிட்டால் சுமார் 32 லிட்டர். மூன்று தொட்டி வைத்தால் வெறும் 10 லிட்டர், ஏனென்றால் ஒவ்வொரு தொட்டியும் பத்துப் பத்து மடங்கு நீர்க்கச் செய்கிறது, அதே தண்ணீர் மூன்றிலும் வேலை செய்கிறது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதோடு, 10 லிட்டரில் தேங்கிய அந்தக் கழுவுநீரில் நிக்கல் நல்ல அடர்த்தியாக இருக்கும், முலாம் தொட்டியோ சூட்டில் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும், எடுத்து அதிலேயே ஊற்றிவிடலாம்.

ஊற்றலாம், ஆனால் முன்பு ஒட்டிக்கொண்டு வெளியேறிய அழுக்கும் இப்போது உள்ளேயே தங்குகிறது. பாகங்களிலிருந்து கரைந்த செம்பு, துத்தநாகம், பளபளப்புக்குப் போடும் ரசாயனத்தின் சிதைவுகள் எல்லாம். அதனால் நெளிநெளியாக மடித்த தகடு ஒன்றைத் தொட்டியில் தொங்கவிட்டு மிகக் குறைந்த மின்னோட்டம் கொடுப்பார்கள். அந்த அளவில் செம்புதான் முந்திக்கொண்டு வந்து தகட்டில் படியும். சிதைவுகளுக்கு ஆக்டிவேட்டட் கார்பன். எதையாவது மூடிய சுற்றாக மாற்றப்போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்தத் தகடு மாதிரி ஒன்றைத்தான், பிறகுதான் பம்பும் குழாயும்.

ஒருவரின் கழிவை இன்னொருவர் வாங்கிக்கொள்வதும் உண்டு. ஊதுலைக் கசடைத் தண்ணீர் பீய்ச்சிச் சடாரென்று குளிரவைத்தால் கண்ணாடி மாதிரி மணல் கிடைக்கும், அரைத்தால் சிமென்ட்டில் கலக்கலாம். அதே கசடை மெதுவாக ஆறவிட்டால் படிகமாகி ஜல்லிக்குத்தான் ஆகும். டென்மார்க்கின் கலுண்ட்போர்க்கில் அனல் மின் நிலையத்தின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சம், 1993லிருந்து பக்கத்திலிருந்த ஜிப்சம் சுவர்ப்பலகைத் தொழிற்சாலைக்குப் போனது. உலகமே எடுத்துக்காட்டும் ஊர் அது. பின்னாளில் மின் நிலையம் நிலக்கரியை விட்டு மரச்சில்லுக்கு மாறியது. மரத்தில் சொல்லிக்கொள்ளும்படி கந்தகம் இல்லை, கந்தகம் இல்லாவிட்டால் ஜிப்சம் ஏது.

மறுபடியும் அந்த கிராங்க் ஷாஃப்டுக்கு வருவோம். எத்தனை முறை கிரைண்டிங் செய்யலாம் என்பது மேலே இருக்கும் கடினமான அடுக்கின் ஆழத்தைப் பொறுத்தது. நைட்ரைடிங், அதாவது சூட்டில் நைட்ரஜனை ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்குவது, செய்த ஷாஃப்டில் அது மெலிசு, ஓரிரு முறை கிரைண்டிங் ஆனதும் திரும்ப உலைக்குள் வைத்து நைட்ரைடிங் செய்ய வேண்டும். மின்காந்தத் தூண்டலால் சூடாக்கிக் கடினப்படுத்தியதென்றால் அந்த அடுக்கு சில மில்லிமீட்டர் போகும், மூன்று நான்கு முறை கவலையே இல்லை. எது வேண்டும் என்பது அந்த இன்ஜின் முதன்முதலாக வரைபடத்தில் இருந்தபோதே முடிவாகிவிட்டது.