மேகம் யாரையும் கீழே தள்ளுவதில்லை

மறுபடியும் ஒரு செய்தி: மோசமான வானிலையால் சிறிய ரகத் தனியார் விமானம் விழுந்து நொறுங்கியது. உடனே பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், "காத்து தூக்கி அடிச்சிடுச்சா சார்? இன்ஜின் நின்னுபோச்சா?"

அந்த விபத்தைப் பற்றி விசாரணை முடியும் வரை நான் வாய் திறக்கப்போவதில்லை. ஆனால் பறக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இந்த மாதிரி விபத்துகளின் அறிக்கைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இறக்கைகள் ஒழுங்காக இருக்கும். எரிபொருளும் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

"தெரியலைன்னா என்ன, நேரா ஓட்டிட்டுப் போக வேண்டியதுதானே? அனுபவம் இருந்தா உடம்புக்கே தெரியுமே?" இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேராகப் போகிறோம் என்று உடம்புக்கு எப்படித் தெரியும்?

மாணவர்களுக்கு இதைச் செய்தே காட்டுவேன். தெளிவான வானம், போதுமான உயரம். கண்ணை மூடித் தலையைக் குனியச் சொல்லிவிட்டு, விமானத்தை நான் வாங்கிக்கொள்வேன். இடது இறக்கையை மெல்ல மெல்லச் சாய்ப்பேன். "இப்ப எப்படிப் போறோம்?" "நேரா சார்." இன்னும் கொஞ்சம் சாய்ப்பேன். "நேராத்தான் சார்." கண்ணைத் திறந்தால் அடிவானம் கோணலாகக் கிடக்கும், உயரமானியின் முள் இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த முறை, அதே திருப்பத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இறக்கையைச் சமமாக்குவேன். இப்போதுதான் உண்மையிலேயே நேராகப் போகிறோம். பையன் அடித்துச் சொல்வான்: "வலது பக்கம் திரும்புறோம் சார்."

காதின் உட்புறத்தில் இருக்கும் திரவம்தான் நமக்குத் திருப்பத்தைச் சொல்கிறது. நொடிக்கு 2 டிகிரிக்கும் குறைவாக நடக்கும் சாய்வு அதற்குத் தெரியாது. சீரான திருப்பம் 20 நொடி நீடித்தால் திருப்பமே நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளும். நூறு மணி நேரம் பறந்தவருக்கும் இருபதாயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் இருப்பது அதே காதுதான். கண் அடிவானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் நாம் தப்பிக்கிறோம். மேகத்துக்குள் அந்தத் திருத்தம் கிடையாது. விமானம் சாய்ந்து இறங்கும், வேகம் கூடும். நேராகத்தான் இறங்குகிறோம் என்று நினைத்து பைலட் விமானத்தின் மூக்கைத் தூக்கப் பார்ப்பார், திருப்பம் இன்னும் இறுகும். அப்புறம் நடப்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கருவிகளை வைத்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாத நிலையில் பறக்கவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடி.

1999 ஜூலையில், அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய விமானம் கடலில் விழுந்த இரவில் புயலும் இல்லை, மழையும் இல்லை. வெறும் மங்கல், கீழே கருப்பாகக் கடல். அவருக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி, இல்லை, சரி. 2020 ஜனவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் சென்ற ஹெலிகாப்டரின் பைலட்டுக்கு அதுவும் இருந்தது, 8,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவமும் இருந்தது. "மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன்" என்று, தரையிலிருந்து வழிகாட்டும் கன்ட்ரோலரிடம் அவர் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டிருந்தது. பயணியோ நிறுவனமோ அவரை வற்புறுத்தியதற்கு விசாரணையில் ஆதாரம் இல்லை. தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் என்றுதான் முடிவு வந்தது. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே நடந்த ராணுவ ஹெலிகாப்டர் விபத்திலும், பள்ளத்தாக்கில் திடீரென்று சூழ்ந்த மேகமும் அதனால் பைலட்டுக்கு ஏற்பட்ட திசைக்குழப்பமும்தான் காரணம் என்றது விசாரணை.

சிறிய விமானம் ஓட்டுகிற தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். 5 கிலோமீட்டர் பார்வைத் தூரம் என்பது சட்டத்தின் குறைந்தபட்சம்; உங்கள் குறைந்தபட்சம் அதைவிட அதிகமாக இருக்கட்டும். அதைத் தரையில் இருக்கும்போதே எழுதி வையுங்கள், மேலே போய் பேரம் பேசாதீர்கள். வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றில் உள்ள ஈரம் துளிகளாகத் தொடங்கும் வெப்பநிலை) ஒன்றையொன்று நெருங்குகிறது என்றால் மூடுபனி வரப்போகிறது. டேப்லெட்டில் தெரியும் மழைப் படத்தை நம்பி இரண்டு மேகங்களுக்கு நடுவே நுழையாதீர்கள், அந்தப் படம் சில சமயம் 15, 20 நிமிடம் பழையதாக இருக்கும். மேகம் தாழ்ந்துகொண்டே வந்தால் அதற்குக் கீழே பதுங்கிப் பதுங்கிப் போகும் வீரமெல்லாம் வேண்டாம். மலையும் டவரும் அந்த உயரத்தில்தான் நிற்கின்றன. முன்னால் வெள்ளையாகத் தெரிந்தால் அதற்குள் போகும் முன் திரும்பிவிடுங்கள். நொடிக்கு 3 டிகிரி வீதம் ஒரே ஒரு நிமிடத்தில் வந்த வழியே திரும்பிவிடலாம். தவறி உள்ளே போய்விட்டால் விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவியான செயற்கை அடிவானத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள், கன்ட்ரோலரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். திட்டு வாங்குவதெல்லாம் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூடப் பறக்கிறவர்களுக்கும் விமானத்தின் சொந்தக்காரர்களுக்கும் ஒரு கெஞ்சல். கல்யாணமோ கூட்டமோ, போக வேண்டிய இடத்துக்கு வேறு வழியையும் முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள். பெட்டி எல்லாம் ஏற்றிய பிறகு முடியாது என்று சொல்வது எந்த பைலட்டுக்கும் கஷ்டம், இளைஞர்களுக்கு இன்னும் கஷ்டம். பாதி வழியில் அவர் திரும்பினால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். "இன்னிக்கு வேண்டாம்" என்றால் சரி என்று இறங்கிவிடுங்கள். தயவுசெய்து, "போன தடவை இதைவிட மோசமா இருந்துச்சே, போனோமே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.