சளி மேலே ஏறும் அறை

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வருசத்துக்கு நாலைந்து தரம் பீனிசம் வருது. அன்டிபயோட்டிக் குடிச்சால் வயிற்றால போகுது, குடிக்காட்டில் முகம் விண் விண் என்று வலிக்குது. நான் என்னதான் செய்ய?"

கன்னத்துக்கும் நெற்றிக்கும் உள்ளே எலும்பில் காற்றறைகள் இருப்பதும், அவற்றின் உட்சுவர் வீங்குவதே பீனிசம் என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பெரும்பாலும் தொடக்கி வைப்பது தடிமன் வைரஸ். பெரியவர்களுக்கு வரும் தடிமன்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டில்தான் பக்டீரியா பின்னால் வந்து சேர்கிறது. சளி பச்சையாகிவிட்டதே என்று பதற வேண்டாம். அந்தப் பச்சை, நமது வெண்குருதிக் கலங்களிலுள்ள இரும்பு கொண்ட ஒரு நொதியத்தின் நிறம். வைரஸ் தடிமனிலும் அது வரும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கன்னத்து அறைதான் இவற்றில் பெரியது. அதன் வாசல் சில மில்லிமீற்றர் அகலம்தான். அதுவும் அடியில் இல்லை, கூரைக்குக் கிட்ட இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிக்கு வெளிக்குழாயை உச்சியில் மட்டும் பொருத்தியது மாதிரி. நாலு காலில் நடந்த மூதாதையரின் மிச்சம் இது என்று சொல்பவர்களும் உண்டு.

அப்படியானால் சளி எப்படி வெளியேறுகிறது? ஏறித்தான். உட்சுவரின் பிசிர்க் கலம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 பிசிர்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர் போன்றவை. ஒவ்வொன்றும் செக்கனுக்குப் பத்துத் தடவையளவில் அடிக்கும். முன்னே அடிக்கும்போது விறைத்து நிமிர்ந்து, மேற்படையில் இருக்கும் பிசுபிசுப்பான சளியை நுனியால் தள்ளும். திரும்பும்போது வளைந்து, கீழ்ப்படையின் நீர்த்த திரவத்துக்குள் பதுங்கி வரும். அதனால் சளி முன்னேதான் போகும், பின்னே வராது. தரையிலிருந்து சுவர்களில் ஏறி, எல்லாப் பக்கத்தாலும் அந்த ஒரு வாசலையே நோக்கிப் போகும்.

இந்தப் பாதைகளைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து பதிந்தவர் ஒஸ்திரியாவின் கிராஸ் நகர வைத்தியர் வோல்ட்டர் மெசர்கிளிங்கர். மனிதன் இறந்து சில மணி நேரம் வரைக்கும் பிசிர்கள் அடித்துக்கொண்டிருக்கும் என்பது அவருக்கு உதவியது. அறையின் அடியில் புதிதாக ஒரு துளை போட்டாலும், சளி அதைத் தாண்டிப் பழைய வாசலுக்கே ஏறும். அடியில் துளை போட்ட பழைய சத்திரசிகிச்சை பலருக்கு உதவாமல் போனது இதனால்தான். இன்றைய எண்டொஸ்கோப் சத்திரசிகிச்சை அந்தப் பழைய வாசலையே அகட்டுகிறது.

வாசல் வீங்கி மூடினால் உள்ளே ஒட்சிசன் குறையும், பிசிர்கள் சோரும், தேங்கிய சளியில் பக்டீரியா பெருகும். அன்டிபயோட்டிக் பக்டீரியாவைக் கொல்லும், வாசலைத் திறக்காது. ஆகவே அடுத்த தடிமனோடு எல்லாம் திரும்பவும் தொடங்கும். கொழும்பில் வாசலை வீங்க வைப்பவற்றுக்குப் பஞ்சமா? ஈரக்காற்றில் மெத்தைக்குள் செழிக்கும் தூசிப்பூச்சியும் காலி வீதிப் புகையும் போதும். தலை முழுகுவதைப் பழி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வாசகிக்கு முதலில் வேண்டியது வாசலைக் கவனிப்பது. கொதித்து ஆறிய நீர் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு போட்டு மூக்கைக் கழுவலாம். குழாய் நீரைக் கொதிக்க வைக்காமல் மூக்கில் விட வேண்டாம்; அதன் வழியே மூளைக்கு ஏறும் ஓர் அமீபா, அரிதானாலும், உயிரைக் குடித்திருக்கிறது. வாசலின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரேயை டொக்டர் தந்தால், முனையை நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம் சரித்து, தினமும் சில வாரம் அடிக்க வேண்டும். இரண்டு நாளில் "வேலை செய்யேல்லை" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, வயிறு. அமொக்சிசிலினோடு கிளவுலனிக் அமிலம் சேர்ந்த குளிசையில் வயிற்றோட்டத்துக்கு முக்கிய காரணம் அந்த அமிலம். சாப்பாடு தொடங்கும்போதே விழுங்கினால் தொல்லை குறையும். எரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் வேறு விதம். மோட்டிலின் என்ற ஹோர்மோன் வழக்கமாக வந்து ஒட்டும் இடங்களில் (வாங்கிகளில்) தான் ஒட்டி இரைப்பையைச் சுருங்க வைக்கும். இரைப்பை அசையாத நோயாளிகளுக்கு அதையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு! எந்தக் குளிசை உங்களைப் படுத்தியது என்று பெயரோடு டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் பாமசியில் வாங்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

அன்டிபயோட்டிக்கே வேண்டாம் என்பதல்ல. பத்து நாளாகியும் குறையாவிட்டால், குறைந்து திரும்ப ஏறினால், கடுங்காய்ச்சலோடு முகம் வலித்தால் அது தேவைப்படலாம். கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கழுத்து விறைத்தால் உடனே ஆஸ்பத்திரி.

  

இன்னொன்று. எப்போதும் ஒரே பக்கம்தான் வருகிறதா, கெட்ட மணமும் இருக்கிறதா? மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்து அறையின் தரையை ஒட்டியே இருக்கின்றன. அப்படியானால் முதலில் பல் டொக்டரிடம் காட்டுங்கள்.