வாத்து வேட்டை: இரண்டாவது இடத்தை முந்தின இரவே முடிவு செய்யுங்கள்

கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ பள்ளத்தாக்கில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். சீசன் நெருங்கும்போது புதியவர்கள் துப்பாக்கி, வாத்துகளை ஈர்க்கும் டெக்காய் பொம்மைகள், உரிமம், அதோடு வாங்க வேண்டிய 25 டாலர் வாத்து முத்திரை எல்லாம் தயாராக வைத்திருப்பார்கள். “போகிற இடத்தில் ஆள் நிரம்பியிருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால்தான் பதில் வராது. (நம் ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவதே குற்றம். நான் பேசுவது இங்குள்ள நிலவரம்.)

அரசு நிலத்தில் யாருக்கும் இடம் சொந்தமில்லை. சேக்ரமென்டோ, டெலவன், கொலுசா வனவிலங்குப் புகலிடங்களில் சனி, ஞாயிறு, புதன் மட்டும்தான் வேட்டை. முன்பதிவுக் குலுக்கலில் பெயர் வந்தவர்கள் முதலில் உள்ளே போவார்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுடத் தொடங்கலாம் என்பதால், நேரம் நெருங்க நெருங்க அவசரம் கூடும். தெரியாத வாய்க்காலில் இருட்டில் இறங்குவதும், அடுத்தவர் சுடும் திசையில் போய் உட்காருவதும், பறவைகளுக்கென்று மூடிவைத்த பகுதிக்குள் நுழைவதும் இந்த அவசரத்தில்தான்.

மாற்று இடம் என்றால் பலரும் பக்கத்துக் குளத்தைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். அது போதாது. முதல் இடம் எதனால் கைவிட்டுப் போகுமோ, அதே காரணம் இரண்டாவது இடத்தைத் தொடக் கூடாது. கூட்டத்தால் போகும் என்றால் இரண்டாவது இடம் நீண்ட தூரம் நடந்து போக வேண்டியதாக இருக்கட்டும். மழையில் ஆறு ஏறினால் அதே ஆற்றங்கரையின் இன்னொரு வளைவும் மூழ்கும். ஆற்றைச் சாராத சதுப்பைப் பாருங்கள். காற்றும் அப்படித்தான். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று நம் முதுகில் பட உட்கார்ந்தால் அவை நம் முகத்துக்கு நேராக வரும். வடக்குக் காற்றுக்கு ஒரு கரை, தெற்குக் காற்றுக்கு வேறு கரை என்று வரைபடத்தில் இரண்டையும் குறித்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒருமுறையாவது அங்கே நடந்து பார்த்து, கோலால் குத்தி ஆழம் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, படகே தேவைப்படாத ஓரிடம் கட்டாயம் வேண்டும். குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் தரையோடு இறங்கும் மூடுபனியில் படகின் முனைகூடத் தெரியாது. குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. 10 நிமிடத்துக்குள் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போய்விடும். வேடர்ஸ் (நீரில் இறங்கி நடக்கப் போடும், நீர் புகாத நீளக் காலுடை) போட்டிருந்தால் இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். உயிர்க்கவச உடையைப் படகில் கிடத்தி வைக்காமல் உடம்பில் மாட்டுங்கள்.

விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். இந்தப் புகலிடங்களுக்குள் ஒருவர் 25 தோட்டாக்களுக்கு மேல் கொண்டுபோக முடியாது. வேறு இடத்துக்குப் போனால் அங்குள்ள விதி என்ன என்று முந்தின நாளே படித்துவிடுங்கள்.

அப்புறம், மூன்று இடங்களையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். இடம் மாறினால் வண்டியைக் கிளப்பும் முன்பே செய்தி அனுப்புங்கள். சதுப்புக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.